கொதிக்கும் தண்ணீர் நூறில் நிற்கிறது. கொதிக்கும் பதநீர் ஏன் நிற்கவில்லை?

அறிவியல் ஆசிரியை, திசையன்விளைப் பக்கம்

நிலைமாற்றத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது நாங்கள் செய்து காட்டும் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முகவையில் பனிக்கட்டியைப் போட்டு மெல்லச் சூடாக்கிக் கிளறினால், கடைசித் துண்டு உருகித் தீரும்வரை வெப்பநிலைமானி 0 டிகிரியை விட்டு நகராது. பிறகு ஏறத் தொடங்கும். தண்ணீர் கொதித்ததும் 100 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது. இந்த ஆண்டும் அதைச் செய்து காட்டிவிட்டு, நிலைமாற்றம் நடக்கும்போது வெப்பநிலை மாறாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

மறுவாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நோட்டுடன் வந்தான். அவனுடைய ஆச்சி தேரிக்காட்டு ஓரத்தில் விடிலி என்னும் ஓலைக்குடிசை போட்டுப் பதநீர் காய்ச்சுகிறவர். பள்ளியின் வெப்பநிலைமானியைக் கேட்டு வாங்கிப்போன அவன், சட்டியில் பதநீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து நேரம் பார்த்துக் குறித்திருக்கிறான். கொதி வந்தபோது 100. ஒரு மணி நேரம் கழித்து 101. நிறம் மாறிப் பாகாகத் திரண்டபோது 104. அதன்பின் கொஞ்ச நேரத்திலேயே 108. மானியின் அளவுகோல் 110-இல் முடிந்துவிடுவதால், உடைந்துவிடுமோ என்று பயந்து வெளியே எடுத்துவிட்டான். "கொதிக்கும்போது ஏறாது என்று சொன்னீர்களே டீச்சர், இதுவும் ஆவியாகிக்கொண்டுதானே இருந்தது?" என்று கேட்டான்.

பதநீர் தூய பொருள் அன்று, அது ஒரு கரைசல் என்று சொன்னேன். சொன்னது சரிதான். ஆனாலும் அது விளக்கமாக எனக்கே படவில்லை, ஒரு பெயரை மட்டும் கொடுத்து அவனை அனுப்பிவிட்டதைப்போல் இருந்தது. சர்க்கரை கரைந்திருப்பதனால் தண்ணீரின் துகள்களுக்கு என்ன நேர்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்புக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? இன்னொன்றும் உண்டு. அதே வகுப்பில் ஒரு மாணவி, "பனிக்கட்டியின் கெட்டியான துகள்கள் உருகி மென்மையான துகள்களாகின்றன" என்று தேர்வில் எழுதியிருந்தாள். இந்த இரண்டு குழப்பங்களுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், பாளையங்கோட்டை

ஆசிரியைக்கு வணக்கம். வேர் ஒன்றுதான் என்று நீங்கள் நினைப்பது சரி. மாணவியின் விடையிலிருந்து தொடங்கினால் மாணவனின் கேள்வி தானாக அவிழும்.

உருகுவது பனிக்கட்டி, அதன் துகள் உருகுவதில்லை. பனிக்கட்டியிலும் தண்ணீரிலும் நீராவியிலும் இருப்பது அதே மூலக்கூறு, அதே எடை, அதே அளவு. ஒன்று கெட்டி, மற்றொன்று மென்மை என்று தனி ஒரு மூலக்கூறுக்குக் குணம் கிடையாது. கெட்டித்தன்மை என்பது கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் விதத்திலிருந்து வருவது. திருமண ஊர்வலத்திலும் பந்தியிலும் அதே உறவினர்கள்தான் இருக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்துவிட்டதனால் யாரும் வேறு ஆளாகிவிடுவதில்லை. 18 கிராம் தண்ணீரில், அதாவது ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டியும் கொஞ்சமும் கொள்ளும் தண்ணீரில், 6-ஐ அடுத்து 23 சுழிகள் இட்டால் வரும் எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கின்றன. அதைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்கினால் 1600 மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மூலக்கூறு பருத்துவிட்டதனால் அப்படி ஆகவில்லை. பக்கத்து மூலக்கூறுக்கும் அதற்கும் நடுவே இருந்த இடைவெளி, நீளவாக்கில் பார்த்தால், சராசரியாகப் பன்னிரண்டு மடங்கு ஆகிவிட்டது, அவ்வளவுதான். நடுவில் இருப்பது காற்றும் அன்று, வெற்றிடம். மாணவர்கள் அந்த இடைவெளியில் காற்றை நிரப்பிவிடுவார்கள். அதைக் கவனித்துத் திருத்துங்கள்.

துகள்கள் திண்மத்தில் மிக நெருக்கமாகவும் நீர்மத்தில் சற்றுத் தள்ளியும் இருக்கும் என்று பொதுவாகக் கற்பிக்கிறோம். தண்ணீர் அந்த விதிக்கு அடங்காது. உறையும்போது அதன் மூலக்கூறுகள் நடுவில் திறப்பு விட்டு அறுகோணக் கூடுகளாக அடுக்கிக்கொள்வதால், பனிக்கட்டி ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதல் இடத்தைப் பிடிக்கிறது, அதனால்தான் மிதக்கிறது. ஆகவே திண்மத்தின் அடையாளமாக நெருக்கத்தைச் சொல்வதைவிட, துகள்கள் தத்தம் இடத்தை விட்டு நகராமல் அதிர்ந்துகொண்டிருப்பதைச் சொல்வது மேல்.

இப்போது வெப்பம். ஒரு கிலோ தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 420 கிலோஜூல் போதும். 100-இல் இருக்கும் அதே தண்ணீரை 100-இல் இருக்கும் ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும், ஐந்து மடங்குக்கு மேல். வெப்பநிலைமானி இதில் ஒரு டிகிரியைக்கூடக் காட்டாது. 1760-களில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் என்ற வேதியியலாளர் இதைக் கவனித்துத்தான் உள்ளுறை வெப்பம் என்ற கருத்தை வகுத்தார். அந்த வெப்பம் எங்கும் தொலைந்துபோகவில்லை. ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருந்த மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கும் வேலையில் செலவாகிவிட்டது.

இனிக் கொதித்தல். 100 என்பது தண்ணீரின் தனிச்சொத்து அன்று, தண்ணீருக்கும் காற்றழுத்தத்துக்கும் இடையே உள்ள ஓர் உடன்பாடு. கொதிக்கும் நீரின் உள்ளே தோன்றும் குமிழிக்குள் இருப்பது நீராவி. வெளியிலிருந்து வளிமண்டலம் அதை நசுக்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் ஆவியின் அழுத்தம் அதற்கு ஈடாகும்போதுதான் குமிழி நிலைத்து மேலே வரும். தூய தண்ணீரில் அந்த ஈடு, கடல்மட்டத்தை ஒட்டிய உங்கள் ஊரில், 100 டிகிரியில் கிடைக்கிறது. சர்க்கரை கரைந்த நீரில் என்ன ஆகிறது? சர்க்கரை மூலக்கூறு ஆவியாகாது. ஆனால் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு நடுவே இடம் பிடித்துக்கொண்டு, தன்னைச் சுற்றிச் சிலவற்றை இழுத்தும் வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே வெப்பநிலையில், தூய தண்ணீரிலிருந்து தப்பிப்பதைவிடக் குறைவான மூலக்கூறுகளே கரைசலிலிருந்து தப்பிக்கின்றன. 100 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் வளிமண்டலத்துக்கு ஈடாகாது. ஈடாக வேண்டுமானால் இன்னும் சூடேற வேண்டும்.

உங்கள் மாணவன் பார்த்தது இதைத்தான். பதநீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு சர்க்கரை இருக்கும். அப்போது கொதிநிலை 100-ஐவிட மிகச் சிறிதே கூடுதல். பாதிக்குப் பாதி சர்க்கரையானால் 102 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். எண்பது விழுக்காடானால் 112-ஐ ஒட்டும். ஒவ்வொரு கணமும் அவன் சட்டியில் நிலைமாற்றம் நடந்தது. ஆனால் ஒவ்வொரு கணமும் சட்டியில் இருந்தது சற்றே வேறான ஒரு கரைசல்.

கல்லூரி மாணவன், அம்பாசமுத்திரம்

பேராசிரியர் ஐயா எழுதியதில் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளுறை வெப்பம் துகள்களைப் பிரிப்பதில் செலவாகிறது என்கிறீர்கள். ஆவியின் மூலக்கூறுகள் வேகமாகப் பறக்கின்றன, நீரின் மூலக்கூறுகள் மெதுவாக நகர்கின்றன என்று நாங்கள் படித்திருக்கிறோம். அப்படியானால் கொடுத்த வெப்பத்தில் ஒரு பகுதியாவது வேகமாக மாறியிருக்க வேண்டும் அல்லவா? ஆவி பட்டால் கொதிநீர் பட்டதைவிடக் கடுமையாகச் சுடுவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், பாளையங்கோட்டை

தம்பி, பலரும் நம்பிக்கொண்டிருக்கும் பிழை இது. நீங்கள் வெளிப்படையாகக் கேட்டது நல்லதாயிற்று. வெப்பநிலை என்பதே துகள்களின் இயக்க ஆற்றலின் சராசரியைக் குறிப்பது. 100 டிகிரித் தண்ணீரும் 100 டிகிரி ஆவியும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன என்றால், அவற்றின் மூலக்கூறுகளுடைய சராசரி வேகமும் ஒன்றுதான். அந்த வெப்பநிலையில் நீர் மூலக்கூறின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 660 மீட்டர். நீர்மத்தில் இருக்கும்போதும் அதே வேகந்தான். ஆனால் அடுத்த மூலக்கூறு ஒட்டியே நிற்பதால், ஓர் அடி எடுத்துவைப்பதற்குள் மோதித் திசைமாறிவிடுகிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதிக் கூட்டத்துக்குள் சிக்கிய ஆளைப்போல, கால்கள் ஓயாமல் அசைந்தாலும் ஆள் இருக்கும் இடம் பெரிதாக மாறுவதில்லை. ஆவியில் மோதாமல் நெடுந்தொலைவு போக முடிகிறது. நாம் அந்தத் தொலைவைப் பார்த்துவிட்டு வேகம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஆவி கடுமையாகச் சுடுவதற்குக் காரணம் வேகம் அன்று. அது தோலில் பட்டதும் மீண்டும் தண்ணீராகிறது. பிரிந்திருந்த மூலக்கூறுகள் சேரும்போது, பிரிப்பதற்கு வாங்கிய 2257 கிலோஜூலையும் கிலோ ஒன்றுக்கு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. கையில் விழுவது அந்தக் கடன்.

விடிலியில் வளர்ந்தவள், உடன்குடி

நான் படித்தது வணிகவியல். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை; அந்தப் பையன் எழுதிவைத்த எண்களை நான் சிறுவயது முழுவதும் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மாவிடம் வெப்பநிலைமானி இல்லை. பாகு கொதிக்கும் சத்தமே அவருக்கு அளவு. முதலில் சலசலவென்று பெரிய குமிழிகளாகப் பொங்கும். அப்போது வழிந்துவிடாமல் இருக்க ஆமணக்கு முத்தை நசுக்கித் துளி போடுவார்கள், நுரை உடனே அடங்கிவிடும். பிறகு குமிழிகள் சிறுத்து, கனத்து, "தொப் தொப்" என்று சத்தம் வரும். அந்த நேரத்தில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். கரைந்து போனால் பதம் வரவில்லை. உருண்டு நின்றால் உடனே இறக்கித் துடுப்பால் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றுவார்.

எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. காலையில் ஏற்றிய சட்டி நெடுநேரம் ஒன்றும் ஆகாததுபோல் கொதித்துக்கொண்டே இருக்கும். கடைசிக் கால்மணி நேரத்தில் மட்டும் நம்மை ஓடவைத்துவிடும், கண்ணை எடுத்தால் கருகிவிடும். இது ஏன்? இரண்டாவது, அதே பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் சில மணி நேரத்தில் கருப்பட்டி. சற்று இளம்பதத்தில் இறக்கி, நூல் கட்டிய பானையில் விட்டு அசைக்காமல் வாரக்கணக்கில் மூடிவைத்தால் கற்கண்டு. பொருள் ஒன்று, இரண்டும் கெட்டி. ஒன்று கரகரவென்று உதிர்கிறது, மற்றொன்று கண்ணாடிபோல் பட்டைதீட்டி நிற்கிறது. துகள்கள் இரண்டிலும் வேறு வேறு விதமாகவா நடந்துகொள்கின்றன?

விறகைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எரியும் உடைமர விறகையும் பனைமட்டையையும் பார்த்து, இவ்வளவு தீயும் எங்கே போகிறது என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்விக்கும் விடை இந்த இழையில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

கல்லூரி மாணவன், அம்பாசமுத்திரம்

ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். என் எண்ணம் தவறு. அந்தக் கணக்கைக் கொண்டே அக்காவின் அம்மா கேட்டதற்கு விடை சொல்ல முயல்கிறேன். நூற்றுக்கு 12 பங்கு சர்க்கரை என்றால், ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 கிலோ பதநீர் வேண்டும். 7 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். காலைச் சூட்டிலிருந்து கொதிநிலை வரை கொண்டுவர 2 மெகாஜூலுக்குச் சற்று மேல் ஆகும். அந்த 7 கிலோவை ஆவியாக்கவோ ஏறத்தாழ 16 மெகாஜூல். ஆகத் தீயின் பெரும்பங்கு சூடாக்குவதற்குப் போகவில்லை. துகள்களைப் பிரிப்பதற்கே போகிறது. நன்றாக உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் 15 மெகாஜூல் அளவு வெப்பம் கிடைக்கும். திறந்த மண்ணடுப்பில் அதில் சிறு பகுதிதான் சட்டிக்குள் போகிறது என்பதால், ஒரு கிலோ கருப்பட்டிக்குப் பல கிலோ விறகு எரிவதில் வியப்பில்லை. மேலே எழுந்து போகும் அந்த வெண்மைக்குள்தான் அம்மாவின் விறகு இருக்கிறது.

உப்பளத்துக் குடும்பம், தூத்துக்குடி

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு அடுப்பும் இல்லை, விறகும் இல்லை, வெயிலும் காற்றும்தான். ஆனாலும் பேராசிரியர் சொன்ன விதி எங்கள் பாத்தியிலும் அப்படியே செல்லுபடியாகிறது.

கொதிக்காத நீரும் ஆவியாகும். மேற்பரப்பில் இருக்கும் துகள்களில் மிக வேகமானவை மட்டும் தப்பித்துப் போகின்றன. வேகமானவை போய்விட்டால் மிச்சம் இருப்பவற்றின் சராசரி குறையும், தண்ணீர் குளிரும். காருகுறிச்சி மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். எங்கள் பாத்தியில் வெயில் அந்த இழப்பை ஈடுசெய்துகொண்டே இருக்கும்.

எங்கள் தொழிலில் "டிகிரி" என்பது வெப்பத்தைக் குறிக்காது, உப்புநீரின் அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவு அது. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. நீரைத் தேக்கிவைக்கும் தெப்பத்திலிருந்து பாத்திக்குப் பாத்தி மாற்றிக்கொண்டு வரும்போது முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரி ஆகும்போது உப்பு விளையத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டவிடாமல் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மக்னீசியம் உப்புகள் கலந்து கசந்துவிடும். இதில் நாங்கள் தலைமுறையாகக் கண்டது, ஒரே வெயிலில் இளநீர் போலிருக்கும் முதல் பாத்தி வேகமாக வற்றும், அடர்ந்த கடைசிப் பாத்தி மெதுவாகத்தான் வற்றும். உப்பு தெவிட்டிய நீரின் ஆவி அழுத்தம் தூய தண்ணீருடையதில் நான்கில் மூன்று பங்கு மட்டுமே என்று பின்னாளில் படித்தபோது, என் தந்தையார் சொல்லிக்கொண்டிருந்த "கனத்த தண்ணி வெயிலுக்கு மசியாது" என்ற பேச்சின் பொருள் புரிந்தது.

அதே நான்கில் மூன்று பங்குதான் ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பிலிருந்து தப்பிக்கும் துகள்களைவிடக் காற்றிலிருந்து வந்து ஒட்டும் துகள்கள் கூடிவிடும். குவித்து வைத்த உப்பு தானாகக் கசியும். வீட்டு உப்புச் சாடியிலும் நடப்பது இதுதான். மழைக்காலத்தில் கருப்பட்டி இளகுவதும் இதே கதைதானா என்று உடன்குடித் தங்கை சொன்னால் நல்லது.

விடிலியில் வளர்ந்தவள், உடன்குடி

அதே கதைதான் அண்ணாச்சி. அடைமழைக்கு முன்பே ஓலைப்பெட்டியில் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவோம். புகையும் சூடும் பட்டால் இளகாது. கீழே வைத்தால் வேர்த்துவிடும்.

குளிர்நிலைத் தொழில்நுட்பத்தில் பணியாற்றியவன், வள்ளியூர்

பதநீரைப் பற்றிய பேச்சில் என் துறைக்கு என்ன வேலை என்று தயங்கினேன். ஆனால் நீங்கள் பேசுவது எங்கள் அன்றாடத்தைப் பற்றித்தான்.

மகேந்திரகிரியில் ராக்கெட்டின் குளிர்நிலை எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள் என்பது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எரிபொருள் நீர்ம ஹைட்ரஜன், எரிக்கத் துணைநிற்பது நீர்ம ஆக்சிஜன். வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் கொதிப்பது −183 டிகிரியில், ஹைட்ரஜன் கொதிப்பது −253 டிகிரியில். வெளியே பணகுடி வெயில் 35 டிகிரி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 218 டிகிரி வேறுபாடு இருந்தும் திறந்த கலத்தில் உள்ள நீர்ம ஆக்சிஜன் சூடேறுவதில்லை. அழுத்தம் மாறாதவரை −183-இலேயே நின்று கொதித்துக்கொண்டிருக்கும். கசிந்து உள்ளே வரும் வெப்பம் முழுவதையும் ஆவியாகிப் போகும் துகள்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆசிரியை கரும்பலகையில் எழுதிய வாசகத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே இருப்பது ஒரே தூய பொருள்.

இப்போது காற்றையே நீர்மமாக்கிக் கொதிக்கவிடுங்கள். அது பதநீரைப்போல் நடந்துகொள்ளும்! நைட்ரஜனின் கொதிநிலை −196, ஆக்சிஜனுடையது −183. நைட்ரஜன் எளிதில் தப்பிக்கும் என்பதால் ஆவியில் அது கூடுதலாகப் போகும். மிஞ்சும் நீர்மத்தில் ஆக்சிஜனின் பங்கு ஏறிக்கொண்டே வரும். கொதிநிலையும் கூடவே ஏறிக்கொண்டே வரும். காற்றை நீர்மமாக்கி ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் இயங்குகின்றன. வீட்டு எரிவாயு உருளையும் இதற்குச் சான்று. 14.2 கிலோ உருளைக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் அழுத்தத்தில் நீர்மமாகக் கலந்திருக்கின்றன. −42 டிகிரியில் கொதிக்கும் புரொப்பேன் முந்திக்கொண்டு போகும். 0 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் பியூட்டேன் பின்தங்கும். வெப்பநிலை வெளிக்காற்றை ஒட்டியே இருப்பதால், இங்கே மாறுவது அழுத்தம், அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வரும்.

அழுத்தம் என்றதும் கூடங்குளத்தையும் சொல்ல வேண்டும். அங்குள்ள உலைகளின் முதல்சுற்றில் ஓடும் தண்ணீர் 320 டிகிரி அளவுக்குச் சூடாகியும் கொதிப்பதில்லை, வளிமண்டலத்தைப்போல் 155 மடங்கு அழுத்தத்தில் அதை அடைத்து வைத்திருப்பதால். பேராசிரியர் சொன்ன உடன்பாட்டில் வளிமண்டலத்தின் பக்கத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. சர்க்கரையும் உப்பும் தண்ணீரின் பக்கத்தை மாற்றுகின்றன.

ஒரே எண்ணிக்கையிலான துகள்களை ஆவியாக்கிப் பிரிக்க, ஹைட்ரஜனுக்குச் செலவாவதைப்போல் நாற்பது மடங்குக்கு மேல் தண்ணீருக்குச் செலவாகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றன என்பதற்கு இது அளவு. இன்னொரு நீர்மமாக இருந்திருந்தால் உடன்குடி அம்மாவுக்கு இவ்வளவு விறகு செலவாகியிருக்காது.

ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், பாளையங்கோட்டை

வள்ளியூர் நண்பர் நான் சொல்லாமல் விட்ட பாதியை நிறைவு செய்துவிட்டார். கருப்பட்டிக்கும் கற்கண்டுக்கும் வருகிறேன்.

சூடான பாகில் சர்க்கரை மூலக்கூறுகள் அலைந்துகொண்டிருக்கின்றன. குளிரும்போது, கரைந்திருக்கக்கூடிய அளவைவிடக் கூடுதலான சர்க்கரை அங்கே இருக்கிறது. வெளியேறித் திண்மமாக வேண்டும். படிகமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குரிய இடத்தில், தனக்குரிய திசையில் திரும்பி உட்கார வேண்டும். அதற்கு இரண்டு தேவை: தொடங்குவதற்கு ஒரு கரு, தேடி வந்து உட்காருவதற்கு நேரம். கற்கண்டுப் பானையில் நூல் கருவாகிறது, அசைவில்லாத வாரங்கள் நேரத்தைக் கொடுக்கின்றன. கருக்கள் சில, ஒவ்வொன்றும் பெரிதாக வளர்கிறது. கருப்பட்டியில் துடுப்பால் கிண்டும்போது ஒரே நேரத்தில் எண்ணற்ற கருக்கள் தோன்றிவிடுகின்றன. எதுவும் பெரிதாக வளர்வதற்குள் பாகு இறுகிவிடுகிறது. ஆகவே கருப்பட்டி என்பது நுண்ணிய படிகங்களும், ஒழுங்கில்லாமல் உறைந்துபோன பாகும் கலந்தது. அந்த ஒழுங்கற்ற பகுதியில் மூலக்கூறுகள் நீர்மத்தில் இருந்த அலங்கோலத்திலேயே நகரமுடியாமல் நின்றுவிட்டன. ஈரம் முதலில் புகுவதும் அங்கேதான். அதே சரக்கு, ஆனால் அடுக்கு வேறு.

இதில் சுண்ணாம்புக்கும் பங்கு உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது தெரிந்ததே. அதோடு, புளிப்பேறினால் சர்க்கரை மூலக்கூறே இரண்டாக உடைந்து குளுக்கோசும் பிரக்டோசும் ஆகிவிடும். அடுக்குக்குள் பொருந்தாத இந்த இரண்டும் நடுவில் புகுந்து படிகம் சேரவிடாமல் தடுக்கும். கருப்பட்டி கட்டியாகாமல் இளகிக் கிடக்கும். மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்: கொதிப்பதிலும் உறைவதிலும் மூலக்கூறு மாறுவதில்லை, இங்கே மூலக்கூறே மாறிவிடுகிறது. முன்னது நிலைமாற்றம், பின்னது வேதிமாற்றம். கருகுவதும் பின்னதைச் சேர்ந்ததே.

கல்லூரி மாணவன், அம்பாசமுத்திரம்

மார்கழி விடியலில் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் முழுவதும் உறையாமல், பாதி வெண்மையாகவும் பாதி தெளிவாகவும் நிற்பதை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். அது பல கொழுப்புகளின் கலவை. 24 டிகிரியை ஒட்டிச் சில முந்தி உறைகின்றன, சில பிந்துகின்றன. பனிக்கட்டியைப்போல் ஒரே புள்ளியில் நிற்பது அதனால் முடியாது.

அறிவியல் ஆசிரியை, திசையன்விளைப் பக்கம்

அனைவருக்கும் நன்றி. கடந்த சனிக்கிழமை அந்த மாணவனையும் மாணவியையும் இன்னும் நால்வரையும் அழைத்துக்கொண்டு அவனுடைய ஆச்சியின் விடிலிக்குப் போனோம். இரண்டு அடுப்பு மூட்டினோம். ஒன்றில் 10 லிட்டர் தண்ணீர், மற்றொன்றில் 10 லிட்டர் பதநீர். 110 வரை காட்டும் மானியோடு, ஆய்வகத்திலிருந்து 360 டிகிரி வரை காட்டும் மானியையும் எடுத்துப்போயிருந்தேன்.

தண்ணீர்ச் சட்டி கொதிக்கத் தொடங்கியதிலிருந்து வற்றும்வரை 100-ஐ விட்டு அசையவில்லை. பதநீர் பாதியாக வற்றும்வரை 100-க்கும் 101-க்கும் நடுவிலேயே இருந்தது. கால்பங்கானபோது 102. பிறகு வேகம் கூடியது. 106, 110, மானியை மாற்றினோம், 117-ஐத் தாண்டியபோது ஆச்சி சொட்டை உருட்டிப் பார்த்து இறக்கச் சொல்லிவிட்டார்.

உடன்குடித் தங்கையின் முதல் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்தது, அதைக் கண்டுபிடித்தவள் துகள் உருகும் என்று எழுதிய அதே மாணவி. 10 லிட்டரில் 5 லிட்டர் போனாலும் சர்க்கரையின் பங்கு நூற்றுக்கு 12-இலிருந்து 24-தான் ஆகிறது. கடைசியில் 2 லிட்டர் மிச்சம் இருக்கும்போது அரை லிட்டர் போனாலே 60-இலிருந்து 80 ஆகிவிடுகிறது. ஒரே அளவு தீ, ஒரே அளவில் ஆவி. ஆனால் மிஞ்சியிருக்கும் தண்ணீர்த் துகள்கள் குறையக் குறைய, வெளியேறும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு கூடுகிறது. அவள் இதைத் தரையில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, "அதான் கடைசியில தீயைக் குறைச்சிருதேன்" என்றார்.

கரும்பலகையில் எழுதிய வாசகத்தைத் திருத்திவிட்டேன்: தூய பொருளின் நிலை மாறும்போது, அழுத்தம் மாறாதவரை, வெப்பநிலை மாறாது. அடுத்து உப்புநீரைக் காய்ச்சிப் பார்க்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தெவிட்டிய உப்புநீர் 108 அல்லது 109 டிகிரியில் கொதிக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. உப்பு படியத் தொடங்கியபின் அது மேலே ஏறாமல் நிற்குமா என்பது அவர்களுடைய கேள்வி.

ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், பாளையங்கோட்டை

நிற்கும். தண்ணீர் போகப்போக மிகுதி உப்பு வெளியே வந்து படிந்துவிடுவதால், கரைசலின் செறிவு மாறாது. செறிவு மாறாவிட்டால் கொதிநிலையும் மாறாது. ஆனால் கரைசல் செய்வதற்குக் கடையில் வாங்கிய உப்பைப் பயன்படுத்துங்கள். பாத்தி நீரில் மக்னீசியம் இருப்பதால் அது மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

உப்பளத்துக் குடும்பம், தூத்துக்குடி

இரண்டையும் செய்து பாருங்கள் டீச்சர், வேறுபாடு தெரியட்டும். 25 டிகிரி நீர் ஒரு கேனும், உப்பு வாரியபின் மிஞ்சிய கசப்பு நீர் ஒரு கேனுமாகத் திருச்செந்தூர் வழியாக வரும் ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன். உப்பு படியும்போது சட்டியின் அடியிலிருந்து குபீரென்று தெறிக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடச் சொல்லுங்கள்.